லாரியில் வந்த சனம்

பழைய மகாபலிபுரம் சாலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். முன்பு வயலும் சதுப்பும்தான் இருந்தன, 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது, கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, பல மாநிலத்துக்காரர்கள் குடியேறினார்கள், வருமானம் உயர்ந்தது. இதற்குப் பன்முகத்தன்மை என்று பெயரும் வைத்தாயிற்று. வயல் இருந்ததுன்னு சொல்றாங்களே, அதுல நாத்து நட்டது யாரு, அவங்க இப்போ எங்கேன்னு கேட்டால் பதில் வராது.

பெருங்குடி, ஒக்கியம் துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி எல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்கள். ஊர் தனி, சேரி தனி. இந்த ஜில்லாவில் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர்தான் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். கூலியைப் பற்றி அதில் நிறைய இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது மனை பற்றிய செய்தி. குடிசை போட்ட இடம்கூட மிராசுதாரனுடையது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், பிரிச்சிக்கிட்டுக் கெளம்பு. நிலம் இல்லாதவனுக்கு நிற்கிற இடமும் இல்லை என்பதை அந்த வெள்ளைக்காரர் புரிந்துகொண்டார். 1892இல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று கணக்குச் சொல்கிறார்கள். பத்து வருடத்துக்கு விற்கக்கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறியது. அதைத் திருப்பிக் கேட்டபோது என்ன கிடைத்தது என்பதை இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சாலை ஓரத்து நிலம் தங்கமாக ஆனது. பட்டா வைத்திருந்தவனுக்குப் பணம். களை எடுத்தவளுக்கு வேலை போனது, அவ்வளவுதான். நிலத்தை விற்கிறபோது அதில் உழைத்தவர்களுக்கு நட்ட ஈடு தரணும்னு எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது?

இந்தச் சாலைக்கு இன்னொரு கூட்டமும் வந்தது. அது கடன் வாங்கி ஃப்ளாட் வாங்கிய கூட்டம் இல்லை. மாநகரத்தின் ஆற்றோரம், கால்வாயோரம் இருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்ட சனம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். குறை ஆயிரம் இருந்தாலும் பிழைப்பு பக்கத்தில் இருந்தது. 2000 முதல் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். பழைய வீடுகள் ஒவ்வொன்றும் 200 சதுர அடிகூட இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். மயிலாப்பூரில் பாத்திரம் தேய்த்த பெண்களுக்கு அந்த வேலை பஸ் கூலிக்கே போதவில்லை. வேலை கேட்டுப் போகிற பையன் முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினால், அப்புறம் சொல்றோம் என்கிறார்கள். சேரி என்ற சொல்லை எடுத்துவிட்டு காப்பியத் தலைவியின் பெயரை வைத்தாலும், கேட்கிறவன் காதில் சேரி என்றுதான் விழுகிறது.

1891இல் மிராசுதாரன் சொன்ன ‘கெளம்பு’தான் இது. இந்த முறை டோக்கன் கொடுத்துச் சொன்னார்கள்.

புறநகரின் சராசரி வருமானம் உயர்ந்துவிட்டது என்கிற பேச்சுக்கு வருகிறேன். லட்ச ரூபாய் சம்பளக்காரனையும், அவன் வீட்டைப் பெருக்கிப் பத்தாயிரம் வாங்குகிறவளையும் கூட்டி இரண்டால் வகுத்தால், அவளும் ஐம்பத்தையாயிரம் சம்பாதிக்கிறாள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருமானத்தைக் கேட்பதே இல்லை. சாதியில் பட்டியல் சாதியையும் பழங்குடியையும் மட்டும்தான் 2011இல் கேட்டது. அந்த எண்ணிக்கையையாவது பார்க்கலாம் என்றால், கடைசியாக முடிந்த கணக்கு 2011இல் எடுத்தது. 2021இல் எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை. பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களில் சனத்தைக் குடியேற்றியது 2011க்குப் பிறகு. அந்தக் கணக்கில் அவர்கள் இன்னும் கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும்தான் குடியிருக்கிறார்கள்.