பேலா பார்டோக்

பேலா பார்டோக் (மார்ச் 25, 1881 – செப்டம்பர் 26, 1945) அங்கேரி நாட்டைச் சேர்ந்த இசையமைப்பாளரும் பியானோ கலைஞரும் நாட்டார் இசை ஆய்வாளரும் ஆவார். அங்கேரிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வருவதால், அந்நாட்டில் இவர் பார்டோக் பேலா என அழைக்கப்படுகிறார். இருபதாம் நூற்றாண்டு மேற்கத்தியச் செவ்வியல் இசையின் முதன்மையான படைப்பாளிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். பல்வேறு மக்களின் இசையை ஒப்பிட்டு ஆராயும் இசை இனவியல் துறையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் மதிக்கப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் நொஜ்சென்ட்மிக்லோஷ் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இன்று ருமேனியாவில் உள்ளது. தந்தை வேளாண்மைப் பள்ளி ஒன்றின் தலைவராக இருந்தார். 1888 இல் அவர் காலமானார். ஆசிரியையாகப் பணிபுரிந்து குடும்பத்தைக் காத்த தாய் பவுலாவே மகனுக்கு முதலில் பியானோ கற்பித்தவர். வியன்னாவில் பயிலும் வாய்ப்பு இருந்தும், பார்டோக் புடாபெஸ்ட் இசைக் கழகத்தைத் தேர்ந்தெடுத்து 1899 முதல் 1903 வரை அங்குப் பயின்றார். அவருடைய பியானோ ஆசிரியர் இசுத்வான் தோமான், பிரான்ஸ் லிஸ்ட்டின் மாணவர் ஆவார். 1907 இல் பார்டோக் அதே கழகத்தில் பியானோ பேராசிரியரானார். பிற்காலத்தில் புகழ்பெற்ற இசை நடத்துனர்களான பிரிட்ஸ் ரெய்னர், ஜார்ஜ் சோல்ட்டி ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள்.

நாட்டார் இசை ஆய்வு

1904 இல் திரான்சில்வேனியாவைச் சேர்ந்த பணிப்பெண் ஒருவர் பாடிய பாடலைக் கேட்டது பார்டோக்கின் கவனத்தைச் சிற்றூர் மக்களின் இசைப்பக்கம் திருப்பியது. அடுத்த ஆண்டு சோல்த்தான் கோடாயின் நட்பு கிடைத்தது. இருவரும் ஊர் ஊராகச் சென்று, மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் எடிசன் கருவியின் உதவியுடன் பாடல்களைத் திரட்டினர். இருபது பாடல்கள் கொண்ட அவர்களது முதல் தொகுப்பு 1906 இல் வெளியானது.

அக்காலத்தில் நகர உணவகங்களில் ரோமா இசைக்குழுக்கள் வாசித்தவையே அங்கேரியின் நாட்டார் இசை எனக் கருதப்பட்டது. அவற்றுட் பல அண்மைக்காலத்தில் இயற்றப்பட்டவை என்பதையும், உழவர்களிடம் ஐந்து சுர அமைப்பில் அமைந்த மிகப் பழைய மெட்டுகள் வழங்குகின்றன என்பதையும் இவ்வாய்வுகள் காட்டின.

பார்டோக் ருமேனிய, சுலோவாக்கியப் பாடல்களையும் சேகரித்தார். 1913 இல் அல்ஜீரியாவிலும் 1936 இல் துருக்கியிலும் கள ஆய்வு செய்தார். முதல் உலகப் போருக்குப் பின் ருமேனிய இசை பற்றி எழுதியதற்காக அங்கேரியத் தேசியவாதிகள் சிலர் இவரை நாட்டுப்பற்று அற்றவர் என்று தாக்கினர். அண்டை மக்களிடையேயான கொடுக்கல் வாங்கலே நாட்டார் இசையை வளப்படுத்துகிறது என்பது இவருடைய கருத்து. இசையில் இனத் தூய்மை என்னும் பொருள் பற்றி 1942 இல் எழுதிய கட்டுரையில் இதனை விளக்கினார்.

முக்கியப் படைப்புகள்

* நீலத்தாடிக் கோமானின் கோட்டை (1911) – இவரது ஒரே ஓப்பரா. போட்டியில் நிராகரிக்கப்பட்டு, 1918 இல் மேடையேறியது.
* ருமேனிய நாட்டார் நடனங்கள் (1915)
* அற்புத மாண்டரின் – நடன நாடகம். 1926 இல் செருமனியின் கோல்ன் நகரில் அரங்கேறியபின் அங்குத் தடை செய்யப்பட்டது.
* ஆறு நரம்பிசை நால்வர் படைப்புகள் (1909–1939)
* நரம்பிசைக் கருவிகள், தாளக் கருவிகள், செலஸ்டா ஆகியவற்றுக்கான இசை (1936)
* மைக்ரோகாஸ்மாஸ் – தொடக்கநிலையிலிருந்து படிப்படியாகக் கடினமாகும் 153 பியானோ பயிற்சிப் பாடங்கள், ஆறு தொகுதிகள்.
* இசைக்குழுவுக்கான கன்செர்ட்டோ (1943)

நாட்டார் மெட்டுகளை அப்படியே கையாள்வதோடு இவர் நிற்கவில்லை. அவற்றின் சுர அமைப்பையும் தாளப் போக்கையும் உள்வாங்கி, மெட்டு எதையும் எடுத்தாளாத படைப்புகளிலும் வெளிப்படுத்தினார்.

நாசிச எதிர்ப்பும் புலம்பெயர்வும்

1938 இல் செருமனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபின், வியன்னாவிலிருந்த இசை உரிமை அமைப்பு இசையமைப்பாளர்களிடம் ஆரிய வம்சாவளி குறித்து வினாப்படிவம் அனுப்பியது. பார்டோக் யூதர் அல்லர். எனினும் விடையளிக்க மறுத்து, இலண்டன் பதிப்பகம் ஒன்றுக்கு மாறினார். 1939 இறுதியில் தாய் இறந்தபின், 1940 அக்டோபரில் மனைவி டித்தாவுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். புடாபெஸ்டின் இரு சதுக்கங்கள் இட்லர், முசோலினி பெயர்களைத் தாங்கியிருந்த காலம் அது. அங்கேரியில் அவ்விருவர் பெயரிலும் தெருவோ சதுக்கமோ உள்ளவரை தம் பெயரை எவ்விடத்துக்கும் சூட்டக்கூடாது என அம்மாதம் எழுதிய உயிலில் பணித்திருந்தார்.

இறுதிக் காலம்

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆதரவில் செர்போ-குரோவாசியப் பாடல்களை எழுத்து வடிவாக்கினார். வருவாய் குறைந்து, உடல்நலமும் குன்றியது. 1943 இல் மருத்துவமனையில் இருந்தபோது, நண்பர்கள் ரெய்னரும் வயலின் கலைஞர் யோசப் சிகெட்டியும் எடுத்த முயற்சியால், பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துனர் செர்கே குசெவித்ஸ்கி புதிய படைப்பொன்றைக் கோரினார். அவ்வாறு உருவான இசைக்குழுவுக்கான கன்செர்ட்டோ 1944 டிசம்பர் 1 அன்று அரங்கேறிப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

பார்டோக் 1945 செப்டம்பர் 26 அன்று இரத்தப் புற்றுநோயால் நியூயார்க்கில் காலமானார். மனைவிக்காக எழுதிய மூன்றாம் பியானோ கன்செர்ட்டோவில் எஞ்சியிருந்த இறுதி 17 தாளக்கட்டுகளை அவர் நண்பர் திபோர் செர்லி நிறைவு செய்தார். நியூயார்க் அருகே அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், 1988 இல் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டது.