கழக்கூட்டத்து வானலையும் எழுத்தாளர் குரலும்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் கழக்கூட்டம் என்னும் ஊர் உண்டு. மார்த்தாண்ட வர்மரை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாருள் ஒருவர் இவ்வூர்ப் பெயரால் கழக்கூட்டத்துப் பிள்ளை எனப்பட்டார். அக்கதை கேரளத்தில் சிறு பிள்ளையும் அறிந்தது. நாம் சொல்ல வந்தது வேறு. இவ்வூரை அடுத்த குளத்தூரில்தான் திருவனந்தபுரம் வானொலியின் ஒலிபரப்பி அமைந்தது. திருவிதாங்கூர் அரசு 1943-இல் தொடங்கிய நிலையம் அது. 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. பேசுபவர் நகரில் இருப்பார். அவர் குரல் குளத்தூர்க் கோபுரம் ஏறி வானில் பரவும்.

அக்குரல்களுள் தமிழும் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தவை அல்லவா? எல்லை மாறிய பின்னர் திருவனந்தபுரத்துச் சாலைத் தெருத் தமிழர் வீடு மாறாமலே வெளிமாநிலத் தமிழர் ஆயினர். தில்லிக்கும் பம்பாய்க்கும் இரயிலேறி வந்த நமக்கு அந்த நிலை எளிதில் விளங்கும்.

1948-இல் புதுமைப்பித்தன் காலமானது இந்நகரில்தான். அவர் மனைவியார் கமலா அம்மையாரின் ஊர் அது. வானொலி நிலையம் அங்கே தோன்றி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் ஒலிநாடா அந்நாளில் நம் நிலையங்களில் வழக்கிற்கு வரவில்லை. தட்டில் பதிவு செய்தல் அரிது. பேசி முடித்தவுடன் பேச்சு காற்றோடு போகும். 1954-இல் அகில இந்திய வானொலி பதிவுகளைக் காக்க ஒரு பிரிவை ஏற்படுத்தியபோது முதலில் இடம்பெற்றவை தலைவர்களின் உரைகளே. எழுத்தாளரின் முறை பின்னர் வந்தது.

அதன் பின்பும் எழுத்தாளரை வானொலியில் பேட்டி காண்பது எளிதான காரியமாக இல்லை. ('நேர்காணல்' என்ற சொல் பிற்பாடு பரவியது. மொழிபெயர்ப்பே தொழிலாகிய நமக்கு அதில் ஒரு சிறு மனக்குறை: வானொலியில் கண்ணுக்கு என்ன வேலை?) வினாவும் விடையும் முன்னரே எழுதப்பெற்று, பார்வையிடப்பெற்று, பின்னர் படிக்கப்பெறுவது நெடுநாளைய வழக்கம். எழுதியதைப் பேசுவது போலப் படிக்க வேண்டும். மின்வாரியப் பொறியாளராக இருந்த நீல. பத்மநாபன் 1968-இல் 'தலைமுறைகள்' நாவலை இரணியல் வட்டாரப் பேச்சில் எழுதினார். ஆ. மாதவன் சாலைத் தெருவில் பாத்திரக்கடை நடத்தியபடியே அத்தெருவின் பேச்சைக் கதையாக்கினார். இத்தகையோர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தால் தம் கதைமாந்தரின் தமிழில் பேசுவதா, செய்தி வாசிப்போரின் தமிழில் பேசுவதா? நம் கருத்தில் முதலாவதே முறை. மேடைத் தமிழை எவரிடமும் கேட்கலாம். சாலைத் தமிழை மாதவனிடம்தான் கேட்க முடியும்.

இந்தச் சங்கடத்தை நாமும் ஒருமுறை பட்டறிந்தோம். மொழிபெயர்ப்புப் பணி குறித்து ஒரு நிலையத்தார் நம்மை அழைத்தனர். 'பறைஞ்சேன்' என்று நம் பாட்டியார் சொல்வதை எழுதியிருந்தோம். அது 'கூறினேன்' எனத் திருத்தப்பெற்று வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தவரை தாளைப் பார்த்தே பேசினோம். விளக்கு அணைந்தபின் தேநீர் வந்தது. பேட்டி கண்ட அன்பர், "உங்கள் பாட்டியார் வேறு என்னவெல்லாம் சொல்வார்?" என்று கேட்டார். அரைமணி நேரம் தயக்கமின்றிப் பேசினோம். அப்போது ஒலிவாங்கி அடைக்கப்பட்டிருந்தது.

1984-இல் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எழுந்தபோது வட்டாரப் பேச்சிற்கும் ஓர் இருக்கை கிடைத்தது.

காந்த நாடா அந்நாளில் விலை மிகுந்த பொருள். ஒன்றை அழித்து மற்றொன்றைப் பதிவது நிலையங்களின் இயல்பாக இருந்தது. மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன் 2007-இல் மறைந்தார். மாதவன் 2021-இல் மறைந்தார். நிலையத்தில் அழிந்த ஒலி, வானொலிப் பெட்டியருகே அமர்ந்து கேட்ட நேயர் எவரேனும் பதிந்துவைத்த நாடாவில் எஞ்சியிருக்கலாம். ஈரக்காற்று மிகுந்த கடற்கரை நாட்டில் நாடா விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். அத்தகைய பேழை தம் வீட்டுப் பரணில் இருப்பின், அதனை இவ்வாண்டே மாற்றுப்பதிவு செய்துகொள்ளுமாறு நம்மவரை வேண்டுகிறோம்.