தீவுக்கோட்டை: கொள்ளிடக் கரையில் ஒரு மறந்துபோன போர்

ஆங்கிலேயர் இந்தியாவைப் பிடித்த கதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் பட்டென்று சொல்வது பிளாசி, 1757. பள்ளிப் புத்தகம் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் ஆற்காடு, 1751 என்பார்கள். அதற்கும் 2 வருடம் முன்னால், 1749-இல், தமிழ்நாட்டு அரசன் ஒருவனின் வாரிசுத் தகராறில் கம்பெனி தன் படையோடு நுழைந்து, கடைசியில் ஒரு கோட்டையையும் அதைச் சுற்றிய ஊர்களையும் தனக்கே எழுதி வாங்கிக்கொண்டது. அந்த இடம் நம் நெய்வேலியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பெயர் தீவுக்கோட்டை.

பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தீவு, அதில் ஒரு கோட்டை. வெள்ளைக்காரன் வாயில் இது 'தேவிகோட்டா' ஆகிவிட்டது. பிறகு நாமும் அதையே திருப்பி எழுதி 'தேவிக்கோட்டை' என்றோம். சிவகங்கைப் பக்கத்துத் தேவகோட்டைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நண்பர்கள் தயவுசெய்து குழப்பிக்கொள்ள வேண்டாம் :-)

முதலில் போகும் வழி. நெய்வேலியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரத்துக்கு பஸ். நானும் என் நண்பனும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். அண்ணாமலைநகர் விடுதியில் இருக்கும் சீனியர்களிடம் 2 சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு கிழக்கே மிதித்தோம். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவனுக்கு சைக்கிள் என்றால் நேரான ரோடு, இரண்டு பக்கமும் மரம், வட்டத்துக்கு வட்டம் ஒரே மாதிரி திருப்பம். இங்கே அப்படி இல்லை. ரோடு வாய்க்காலோடு வளைகிறது, வயலோடு திரும்புகிறது. கடல் நெருங்க நெருங்க நெல் குறைந்து இறால் குட்டைகள் வருகின்றன. காற்று எதிரே அடிக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் சுலபம்.

நாங்கள் போனது கொடியம்பாளையம். ஒரு பக்கம் கொள்ளிடம், ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் பிச்சாவரத்துக் கழிமுகம். நிஜமான தீவுக் கிராமம். நிலத்தோடு இணைக்கும் பாலம் இருப்பதால் சைக்கிளோடு உள்ளே போய்விடலாம். இந்த ஊரின் கணக்கு விசித்திரமானது. நிர்வாகப்படி இது சீர்காழி தாலுகா, அதாவது 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டம். ஆனால் சொந்த மாவட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே கொள்ளிடம் கிடப்பதால், தாலுகா ஆபீஸ் போகவேண்டும் என்றாலும் கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்து சிதம்பரம் சுற்றித்தான் போகவேண்டும். 270 வருடத்துக்கு முன்னால் ஒரு படைக்கும் இதே ஆறுதான் வழியை மறித்து நின்றது.

ஊரைத் தாண்டியதும் மணல். சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்தோம். ஒரு பக்கம் சுரபுன்னை மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. எதிரே முகத்துவாரம். கொள்ளிடம் இவ்வளவு அகலமாகக் கடலைச் சந்திக்கும் என்று அணைக்கரைப் பாலத்தில் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாது. பார்க்கத்தான் பிரமாண்டம். உள்ளே மணல் திட்டுகள், எங்கே ஆழம் எங்கே மேடு என்று படகுக்காரருக்குத்தான் தெரியும். கம்பெனி இந்த இடத்தின் மேல் கண் வைத்ததற்கும், பிறகு கைவிட்டதற்கும் இந்த மணலுக்கும் தொடர்பு உண்டு.

சரி, கதைக்கு வருவோம்.

இங்கிலீஷ்காரன் வருவதற்கு முன்பே இந்தத் தீவு பேர் வாங்கியிருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழகன் என்ற குறுநில மன்னன் இங்கிருந்து ஆண்டான். செஞ்சி நாயக்கருக்குக் கீழ்ப்பட்டவன் என்று பெயர், ஆனால் தண்ணீர் சூழ்ந்த கோட்டைக்குள் இருப்பவனை யார் என்ன செய்ய முடியும்? 1597-98 வாக்கில் இந்தப் பக்கம் வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், கோட்டையைச் சுற்றியுள்ள தண்ணீரில் முதலைகள் காவலுக்கு இருந்ததாக எழுதினார். மிகைப்படுத்துகிறார் என்று நினைக்க வேண்டாம். சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் குளத்திலும் வாய்க்காலிலும் முதலை பிடிபட்ட செய்தி இப்போதும் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பிறகு தஞ்சை ரகுநாத நாயக்கர் படையெடுத்து வந்து சோழகனை அடக்கினார். அவர் அரசவைக் கவிஞர்கள் அந்த வெற்றியைச் சமஸ்கிருதத்தில் காவியமாகவே பாடிவைத்தார்கள். நாயக்கர்களுக்குப் பிறகு தஞ்சை மராட்டியர் கைக்குப் போனது, தீவும் கூடவே போனது.

இப்போது 1749. மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துவிட்டதால் கம்பெனியின் தலைமையிடம் கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்திருந்தது. ஆம், நாம் சில்வர் பீச்சில் சுண்டல் சாப்பிடுகிறோமே, அதற்குப் பக்கத்தில்தான். இரண்டு, ஐரோப்பாவில் 1748-இல் சமாதானம் ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரனோடு சண்டை போடக் கப்பலேறி வந்த சிப்பாய்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்கள். மூன்று, தஞ்சாவூரில் ஆட்சியை இழந்த ஷாஜி என்பவர், அதாவது 'காட்டுராஜா', கடலூருக்கு வந்து கதவைத் தட்டினார். அரியணையில் அப்போது இருந்தவர் பிரதாப சிம்மன். "என்னைத் திரும்ப உட்கார வையுங்கள், போர்ச் செலவையும் தருகிறேன், தீவுக்கோட்டையையும் தருகிறேன்" என்பது ஷாஜியின் பேரம்.

கம்பெனிக்கு ஷாஜியின் நியாயத்தைவிடத் தீவுக்கோட்டைதான் இனித்தது. சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் நுழையும்படி ஒரு துறைமுகம் கிடையாது. கொள்ளிட முகத்துவாரத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தினால் கப்பலை உள்ளேயே கொண்டுவந்து நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

முதல் முயற்சி கேப்டன் கோப் தலைமையில். வெளியே வந்த படைக்கு வரவேற்புக் கொடுத்தது புயல். 1749 ஏப்ரல் 13 அன்று அடித்த புயலில் செயின்ட் டேவிட் கோட்டைக்கு அருகே 'நாமூர்' என்ற போர்க்கப்பல் மூழ்கியது, 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம் 'பெம்புரோக்' என்ற இன்னொரு போர்க்கப்பலும் போனது. கோப் எப்படியோ கொள்ளிடம் வரை வந்து கோட்டையைப் பார்த்தார். ஆனால் ஷாஜிக்கு ஆதரவாக ஊரே திரண்டு வரும் என்று சொல்லப்பட்டதே, அப்படி ஒருவரும் வரவில்லை. சாமான்களைச் சுமந்த கப்பல்களோடும் தொடர்பு கிடைக்கவில்லை. திரும்பிவிட்டார்.

இரண்டாவது படை மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமையில் கடல் வழியாக வந்தது. 800 ஐரோப்பியர், 1,500 இந்தியச் சிப்பாய்கள். கோட்டைக்கு எதிர்க்கரையில் பீரங்கியை நிறுத்தி மூன்று நாள் சுட்டதில் மதில் இடிந்தது. ஆனால் ஆற்றைக் கடப்பது எப்படி? ஜான் மூர் என்ற கப்பல் தச்சர் 400 பேர் ஏறக்கூடிய ஒரு மிதவை கட்டினார். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் நீந்திப் போய், எதிர்க்கரையில் ஒரு பெரிய மரத்தின் வேரில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து மிதவையில் படை கரையேறியது.

மதிலின் இடிந்த பகுதியைத் தாக்க முன்வந்தவர் 23 வயது லெப்டினென்ட் ராபர்ட் கிளைவ். சில வருடம் முன்புவரை கம்பெனியில் கணக்கு எழுதிய குமாஸ்தா. அவரோடு 34 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள். நடுவே ஒரு சேற்று ஓடை. ஐரோப்பியர் கடந்து முன்னே ஓடினார்கள். சிப்பாய்கள் ஓடைக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். அந்த இடைவெளியில் தஞ்சைக் குதிரைப்படை பாய்ந்து 26 பேரை வெட்டிச் சாய்த்தது. கிளைவ் நூலிழையில் தப்பினார். அந்த வாள் கொஞ்சம் தள்ளி இறங்கியிருந்தால் பிளாசியில் கிளைவ் இருந்திருக்க மாட்டார். பிறகு லாரன்ஸ் முழுப் படையோடு வந்தார், கோட்டை விழுந்தது.

அடுத்து கோப் ஒரு சிறு படையோடு போய் ஆச்சாள்புரம் கோயிலைப் பிடித்தார். ஆங்கிலேயர் எழுத்தில் இது 'அச்சாவரம்'. திருஞானசம்பந்தர் தம் திருமணத்தன்று சோதியில் கலந்ததாகச் சொல்லப்படும் அதே தலம். பெரும் தஞ்சைப் படை இரவில் வந்து முற்றுகையிட்டும் மீட்க முடியவில்லை.

முடிவு என்ன? கம்பெனி பிரதாப சிம்மனோடு சமாதானம் செய்துகொண்டது. அவர் தீவுக்கோட்டையையும், ஆண்டுக்கு 9,000 வராகன் வருமானம் வரும் சுற்றுப்புற நிலத்தையும், போர்ச் செலவையும் கொடுத்தார். அரியணை அவருக்கே. யாருக்காகச் சண்டை தொடங்கியதோ அந்த ஷாஜிக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் பென்ஷன், அதுவும் இனிமேல் தொந்தரவு செய்யாமல் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்ற நிபந்தனையோடு! ஒருவனுக்கு உதவுவதாகக் கிளம்பி, எதிரியிடம் நிலம் வாங்கிக்கொண்டு, உதவி கேட்டவனையே காவலில் வைப்பது. பிறகு ஆற்காட்டிலும் வங்காளத்திலும் வாரிசுச் சண்டைகளைக் கம்பெனி எப்படிப் பயன்படுத்தியது என்று படிக்கும்போது இந்தச் சின்னத் தீவு ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

துறைமுகக் கனவு பலிக்கவில்லை. ஆறு கொண்டுவரும் மணலை யாராலும் வெல்ல முடியவில்லை. 1758 ஜூன் 2-இல் லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்ததும், தீவுக்கோட்டையில் இருந்த ஆங்கிலப் படை சண்டையே போடாமல் வெளியேறியது. பிறகு திரும்ப வந்தாலும் பழைய முக்கியத்துவம் வரவில்லை. 26 பேர் ஒரே மூச்சில் செத்த இடத்தின் கதி இவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது அந்த 700 பேர்தான். போரை எழுதிய ராபர்ட் ஓர்ம் தச்சரின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார், நல்லது. ஓடைக்கரையில் நின்ற 700 பேரில் ஒருவர் பெயரும் இல்லை. 'சிப்பாய்கள் பின்தொடரவில்லை' என்ற ஒரு வரிக் குற்றச்சாட்டு மட்டும் இருக்கிறது. அவர்கள் ஏன் நின்றார்கள்? பயமா? இல்லை, யாரோ ஒரு ராஜாவுக்காக யாரோ ஒரு கம்பெனி போடும் சண்டையில், நம் ஊர்ச் சேற்றில் நாம் எதற்குச் சாகவேண்டும் என்ற யோசனையா? எதுவாக இருந்தாலும் அதை அவர்கள் வாயால் கேட்க நமக்கு வழியில்லை.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1956-இல் நிறுவனம் தொடங்கியது, நிலக்கரி எப்போது வெட்டினார்கள், முதல் அனல்மின் நிலையம் எப்போது ஓடியது எல்லாம் பதிவில் உண்டு. சுரங்கத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் வழிவிட்டுப் போன கிராமங்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள், வகுப்பில் எத்தனை பேர் சொல்வார்கள்? முகத்துவாரத்தில் 2004 சுனாமியில் அழிந்த எம்.ஜி.ஆர். திட்டுக்கும் அதே நிலைதான். அங்கே பலர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் கரைக்கு மாறினார்கள், இப்போது படகில் போகிறவர்கள் கைகாட்டிச் சொல்லும் ஒரு திட்டாக அது மிஞ்சியிருக்கிறது.

ஆகவே ஒரு யோசனை. பிச்சாவரம் போகிறவர்கள் படகு சவாரியோடு திரும்பிவிடாமல், ஒரு சைக்கிள் கிடைத்தால் கொள்ளிட முகத்துவாரம் வரை போய் வாருங்கள். தண்ணீர் பாட்டில் 2 எடுத்துக்கொள்ளுங்கள், மணலில் நிழல் கிடையாது. காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் சிதம்பரம் திரும்பிவிடலாம். திரும்பி வந்ததும் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த டவுன்ஷிப் வருவதற்கு முன் இங்கே என்ன ஊர் இருந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை எழுத ஓர்ம் வரமாட்டார்.