ஆற்றுப்படை முதல் கூகுள் மேப் வரை



கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர் அடிக்கடி கேட்கும் கேள்வி: "சார், கூகுள்ல கடை பேரைப் போட்டா ஆள் வருமா?" சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் சரித்திரத்திலிருந்துதான் வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனுக்கு வழி சொல்வான். யாரிடம் போவது, எந்த வழியாகப் போவது, வழியில் எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று எல்லாம் சொல்வான். பெயர், வழி, போய்வந்தவன் வாக்கு: இன்று நம் கைப்பேசி காட்டுவதும் இந்த மூன்றையும்தான்.

பெரும்பாணாற்றுப்படை நம் தொண்டை நாட்டுப் பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை அனுப்புகிறார். நீர்ப்பெயற்று என்ற கடற்கரைப் பட்டினத்தையும், கப்பல்களுக்கு வழிகாட்ட விளக்கெரிந்த மாடத்தையும் அதில் சொல்கிறார். அந்தப் பட்டினம் மாமல்லபுரமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில், கள் விற்கும் கடையிலும் கொடி பறக்கிறது, அறிஞர் வாதிடும் இடத்திலும் கொடி பறக்கிறது. இன்றைய பெயர்ப்பலகைக்கு அதுதான் பாட்டன்.

இனி அச்சுக் காலத்துக்கு வருவோம். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் தொலைபேசிப் பட்டியல் வந்தது. ஒரே ஒரு தாள், ஐம்பது பெயர்கள். எண்கூடக் கிடையாது. 1882இல் சென்னையிலும் தொலைபேசி இணைப்பகம் வந்துவிட்டது. ஆனால் போன் வைத்திருந்தவன் பெயர்தான் பட்டியலில் ஏறியது. உளி பிடித்தவனுக்கும் வலை இழுத்தவனுக்கும் அதில் இடமில்லை.

1981இல் லோன்லி பிளானட் நிறுவனத்தின் இந்தியப் பயண வழிகாட்டி வெளிவந்தது. அதுபோன்ற புத்தகத்தில் ஒரு வரி இடம் பிடித்த விடுதிக்கு வெள்ளைக்காரப் பயணி தேடி வருவார். பக்கத்து விடுதிக்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 1996இல் ஜஸ்ட் டயல் வந்தது. போனில் கேட்டால் கடை எண் சொன்னார்கள். 2005இல் கூகுள் மேப் தொடங்கியது. 2014இல் கடைக்காரரே தன் கடை விவரத்தைப் பதிந்து பார்த்துக்கொள்ள 'கூகுள் மை பிசினஸ்' வந்தது. 2021இல் அதன் பெயர் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்று மாறியது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? மாமல்லபுரத்தில் சிற்பம் கற்பிக்க 1957இல் அரசே பள்ளி தொடங்கியது. இன்று அது கல்லூரி. 1984இல் யுனெஸ்கோ இங்குள்ள சின்னங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவு பெருமை இருந்தும், பயணி எந்தக் கடை வாசலில் இறங்குகிறார் என்பதைப் பல நேரம் முடிவு செய்வது கமிஷன். உள்தெருவில் உட்கார்ந்து கல் செதுக்குபவருக்கு உளிச்சத்தம்தான் விளம்பரம். அது சாலைவரை கேட்பதில்லை. வழி சொல்லும் உரிமை யார் கையில் இருக்கிறதோ, லாபமும் அவர் கைக்குத்தான் போகிறது. சங்ககாலப் பாணன் கமிஷன் வாங்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் கடை வைத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. "பணம் கட்டினால் முதலிடம் தருகிறோம்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். தேடுவதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை என்ற மூன்றையும் பார்த்தே வரிசைப்படுத்துகிறோம், காசுக்கு இடம் விற்பதில்லை என்பது கூகுளே சொல்லும் விதி. கடை திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள். மேப்பில் புள்ளி உங்கள் வாசலில் விழுகிறதா என்று பாருங்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. முகவரியில் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருந்தால் மாற்றுங்கள். மாமல்லபுரம் என்று தேடுபவரும் உண்டு, மகாபலிபுரம் என்று தேடுபவரும் உண்டு. விவரம் எழுதும்போது இரண்டையும் மனதில் வையுங்கள்.

சொந்தக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போட வேண்டாம். இணைய விமர்சனங்கள் நேர்மையாக இருக்க 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 19000 என்ற தரநிலையையே வெளியிட்டது. ஆற்றுப்படைக்கு மதிப்பு வந்ததே, சொன்னவன் உண்மையாகப் போய்வந்தவன் என்பதால்தான்.

ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் கைப்பேசி பழகாத சிற்பியோ, மீன் விற்கும் அம்மாவோ, இட்லிக்கடைப் பாட்டியோ இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் எண்ணிலேயே, அவர்கள் பெயரைப் பதிந்து கொடுங்கள். வழி தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டும். நம் பாட்டன்மார் அதற்கென்றே ஓர் இலக்கிய வகை வைத்திருந்தார்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்