அரசு டிவியில் நக்கலடித்த நாய்

தமிழ் டிவியில் சயின்ஸ் ஃபிக்ஷன் என்றதும் பழைய ஆட்களுக்கு ஞாபகம் வருவது ஒரு நாய்க்குட்டி. இயந்திர நாய். பெயர் ஜீனோ!

சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' பிறகு தூர்தர்ஷனில் சீரியலாகவும் வந்தது. கதை நடப்பது 2021ல். நாட்டை ஆள்பவர் ஜீவா. குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும், பெயர்கூட இரண்டே எழுத்துதான் (நிலா, சிபி, ரவி, மனோ... எல்லாம் அந்தக் கணக்கு).

காணாமல் போன கணவனைத் தேடும் நிலா முதலில் ரொம்பவே அப்பாவி. ஜீனோவும் ஆரம்பத்தில் வெறும் வளர்ப்புப் பிராணி. பிபிசியின் 'டாக்டர் ஹூ'வில் 1977லேயே கே-9 என்ற இயந்திர நாய் வந்துவிட்டது, ஆனால் அது வாய்க்கு வாய் எஜமானே என்னும். ஜீனோ அப்படியில்லை. புத்தகம் படிக்கப் படிக்க அதற்குச் சொந்தக் கருத்து வருகிறது, கூடவே குசும்பும். மனிதர்கள் வாய் திறக்கப் பயப்படும் ஊரில் நாய் நக்கலடிக்கிறது! சிரிப்போடு சிரிப்பாக அது கேட்கும் கேள்விகளில்தான் நிலாவுக்கும் தைரியம் வருகிறது. கடைசியில் ஜீவாவே வெறும் ஹோலோகிராம் என்று தெரிகிறது.

எழுதியவர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த இன்ஜினியர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். அதாவது அரசு நிறுவன ஊழியர். தலைவரின் பிம்பத்தை நம்பாதே என்ற அந்தக் கதையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்ததும் அரசு டிவிதான்!