மலையேறிய சப்பாத்தும் பால்மரமும்



வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு மன்னர்களும் போர்களுமே நினைவுக்கு வருகின்றன. வாசற்படியில் நாம் கழற்றி வைக்கும் சப்பாத்துக்கும் வரலாறு உண்டு. அதிலும், பனிமலை ஏறுவோரும் அடர்ந்த காட்டில் மான் வேட்டைக்குப் போவோரும் அணிகின்ற சப்பாத்தின் வரலாற்றில் நமது பால்மரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கதையை இன்று காண்போம்.

மலைக்கும் காட்டுக்கும் போகிறவர் தம் சப்பாத்தைக் குறித்து மூன்று கேள்விகள் கேட்பார். காலுக்குப் பொருந்துமா? நெடுநாள் உழைக்குமா? தண்ணீர் புகாமல் காக்குமா? கேட்பதற்கு எளிய கேள்விகள்தாம். ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று இணங்கி வருவதில்லை. தண்ணீர் புகாதபடி அடைத்தால், உள்ளே வியர்வை தேங்கிக் கால் நனைகிறது. நெடுநாள் உழைக்கட்டும் என்று கனமாகச் செய்தால், நடக்க நடக்கக் கால் தளர்கிறது. மெல்லியதாகச் செய்தால், பாறையில் உரசிக் கிழிகிறது.

கால் நனைந்தால் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். முதல் உலகப் போரில், 1914-15ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பதுங்கு குழிகளின் ஈரத்தில் நாட்கணக்காக நின்ற பிரிட்டிஷ் வீரர்களில் 20,000 பேருக்கு மேல் கால் வீங்கி அழுகும் நோய்க்கு ஆளானார்கள். பலர் விரல்களை இழந்தார்கள். பிறகு வீரர்கள் காலில் திமிங்கில எண்ணெய் தடவிக்கொள்ளவும், காலுறையை மாற்றிக்கொள்ளவும் கட்டளை பிறந்தது. ஈரத்தோடு கடுங்குளிரும் சேர்ந்தால் விரல்கள் உறைந்து செத்துப் போகின்றன. இதைப் பனிக்கடி என்கிறோம்.

பழங்காலத்து மலைச் சப்பாத்து முழுவதும் தோலால் ஆனது. தண்ணீர் இறங்காமல் இருக்க அதில் கொழுப்பையும் தேன்மெழுகையும் தேய்த்தார்கள். வழுக்காமல் இருக்க அடித்தோலில் இரும்பு ஆணிகளை வரிசையாக அறைந்தார்கள். புல்லிலும் சேற்றிலும் பனிக்கட்டியிலும் ஆணி நன்றாகவே பிடித்தது. ஆனால் அந்த ஆணியிலேயே ஒரு தீமையும் இருந்தது. இரும்பு வெப்பத்தை விரைவாகக் கடத்தும் பொருள். பாதத்தின் சூட்டை ஒவ்வோர் ஆணியும் பனிக்கு வாரி இறைத்தது. 1924ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999ஆம் ஆண்டு மே மாதம் கண்டெடுக்கப்பட்டபோது, ஆணி அறைந்த தோல் சப்பாத்து அவர் காலில் அப்படியே இருந்தது. 75 ஆண்டு உழைத்த சப்பாத்து! உழைப்புக்கு அது சான்று. ஆனால் அந்தக் குளிருக்கு அது ஏற்றதல்ல என்பதை இன்று யாரும் அறிவர்.

இனி ரப்பரின் பக்கம் வருவோம். தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள், மரத்துப் பாலைக் கால் வடிவ அச்சின்மேல் பூசிப் பூசி, புகையில் காட்டி, சப்பாத்து செய்யக் கற்றிருந்தார்கள். 1820களில் அவை அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலில் வந்தன. தண்ணீர் புகாத சப்பாத்து என்று மக்கள் ஆவலோடு வாங்கினார்கள். கோடை வந்ததும் அவை பிசுபிசுத்து இளகின. குளிர் வந்ததும் பலகைபோல் இறுகின. 1839ஆம் ஆண்டு சார்ல்ஸ் குட்இயர் என்பவர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்டார். அவருடைய மகன் சார்ல்ஸ் குட்இயர் இளையவர், 1870களில் அடித்தோலை மேல்தோலோடு தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையில் தைத்த சப்பாத்தின் அடி தேய்ந்தால், அதை மட்டும் பிரித்து வேறு அடி தைக்கலாம். தண்ணீரைத் தடுக்கத் தந்தை வழி கண்டார். நெடுநாள் உழைக்க மகன் வழி கண்டார்.

இப்போது வேட்டைக்காரர் ஒருவரைச் சந்திப்போம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் என்ற மாநிலம் உள்ளது. காடும் சதுப்பும் பனியும் நிறைந்த இடம். அங்கே ஃப்ரீபோர்ட் என்ற சிற்றூரில் லியோன் பீன் என்பவர் வாழ்ந்தார். மான் வேட்டைக்குப் போகும்போதெல்லாம் அவருக்குத் தொல்லை கொடுத்தது சப்பாத்துதான். தோல் சப்பாத்து ஈரத்தை உறிஞ்சிக் கனத்தது. முழு ரப்பர்ச் சப்பாத்தோ கணுக்காலைப் பிடித்து நிற்காமல் தொளதொளத்தது. 1911ஆம் ஆண்டு அவர் ஒரு யோசனை செய்தார். சேற்றில் அமிழும் அடிப்பாகம் ரப்பராக இருக்கட்டும். கணுக்காலைத் தழுவும் மேற்பாகம் மெல்லிய தோலாக இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துத் தைக்கச் செய்தார்.

1912ஆம் ஆண்டு, வேட்டை உரிமம் பெற்ற வெளியூர்க்காரர்களுக்குத் துண்டு விளம்பரம் அனுப்பி, 100 சோடி விற்றார். நடந்தது என்ன? 90 சோடி திரும்பி வந்துவிட்டது! மென்மையான ரப்பர் தையலைத் தாங்காமல், தோலும் ரப்பரும் பிரிந்துவிட்டன. பீன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கடன் வாங்கி, தையலைத் தாங்கும் வலுவான ரப்பர் அடியைச் செய்வித்து, மீண்டும் விற்றார். அந்தச் சப்பாத்து ஒரு நூற்றாண்டைக் கடந்தும் விற்பனையாகிறது. தோல் நல்ல தோலாகவும் ரப்பர் நல்ல ரப்பராகவும் இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் சேருமிடம் உறுதியாக இருக்க வேண்டும் என்பதே அந்த 90 சோடி கற்பித்த பாடம்.

நேயர்களே, இந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்க வேண்டாமா? 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். 1877ஆம் ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குத் தலைமையேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டறிந்தார். 1896ஆம் ஆண்டு மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் தோட்டம் அமைத்தார். பீன் தம் சப்பாத்தை விற்கத் தொடங்கிய அதே காலத்தில், 1914ஆம் ஆண்டு வாக்கில், தோட்ட ரப்பர் உலகச் சந்தையில் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார்.

உலகம் தண்ணீர் புகாத சப்பாத்து அணிந்து நடக்கப் பால் வெட்டிக் கொடுத்தவர்கள், விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், வெறுங்காலோடு நிறைக்குள் இறங்கினார்கள். பனி படர்ந்த புல், முள், அட்டை, பாம்பு ஆகியவற்றோடு கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்றும் அங்கே இருந்தது. அது கொக்கிப்புழு. ஈர மண்ணில் வளரும் அதன் குஞ்சு, வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். 1915 முதல் 1917 வரை, ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜித் தீவிலும் இந்த நோயை ஆராய்ந்தது. சோம்பேறி என்று ஏசப்பட்ட தொழிலாளி எத்தனையோ பேர் உண்மையில் இரத்தம் குன்றிய நோயாளிகள். அவர்களுக்குத் தேவைப்பட்டவை ஏச்சும் பேச்சும் அல்ல. மருந்தும், ஒழுங்கான கழிப்பிடமும், காலுக்கு ஒரு சோடி சப்பாத்தும்தான்.

மீண்டும் மலைக்குச் செல்வோம். 1935ஆம் ஆண்டு இத்தாலியில் விட்டாலே பிராமணி என்ற மலையேறியும் அவருடைய தோழர்களும் ரசிகா என்ற சிகரத்துக்குப் போனார்கள். ஆணிச் சப்பாத்து செங்குத்துப் பாறைக்கு உதவாது என்பதால், அக்கால வழக்கப்படி மெல்லிய அடி கொண்ட சப்பாத்து அணிந்து ஏறினார்கள். திடீரென்று பனிப்புயல் வந்தது. பாறை பனிக்கட்டியாயிற்று. அந்தச் சப்பாத்தோடு இறங்க வழியில்லை. ஆறு பேர் குளிரில் மாண்டார்கள். பாறைக்கும் பனிக்கும் ஒரே சப்பாத்து வேண்டும் என்று உறுதி கொண்ட பிராமணி, பிரெல்லி ரப்பர் நிறுவனத்தின் துணையோடு, 1937ஆம் ஆண்டு ஆழமான கட்டைகள் வைத்த ரப்பர் அடியை உருவாக்கினார். தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு வைப்ரம் என்று பெயரிட்டார். ரப்பர் வெப்பத்தைக் கடத்தாது; பாறையையும் பற்றும். கொஞ்சம் கொஞ்சமாக ஆணிகளின் காலம் முடிந்தது. 1954ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே-2 மீது முதலில் ஏறிய இத்தாலியரின் காலில் இருந்தது அந்த அடிதான்.

அதற்குச் சற்று முன்பு, 1950ஆம் ஆண்டு அன்னபூர்ணா சிகரத்தை வென்ற பிரெஞ்சுக்காரர்களான ஹெர்சாக், லாஷெனல் ஆகிய இருவரும் பனிக்கடியால் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தார்கள். ஆகவே 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவினருக்கு இங்கிலாந்தில் தனிச் சப்பாத்து செய்தார்கள். மெல்லிய தோலுக்கும், ரப்பர் பூசிய உள்துணிக்கும் நடுவே, குளிரைத் தடுக்க இலவம்பஞ்சு வைத்தார்கள். ஆம், நாம் தலையணையில் அடைக்கும் அதே பஞ்சுதான். மலாய்க்காரர்கள் கபு-கபு என்பார்களே, அது! அவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? மே 29ஆம் நாள் காலையில், இரவு கழற்றி வைத்திருந்த ஹில்லரியின் சப்பாத்து கல்போல் உறைந்து கிடந்தது. அடுப்பில் வாட்டி இளக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதன் பிறகே அவரும் டென்சிங்கும் சிகரத்தை நோக்கிப் புறப்பட்டார்கள்.

1969ஆம் ஆண்டு அமெரிக்கரான ராபர்ட் கோர், டெஃப்லான் பொருளை வெடுக்கென்று இழுத்து, நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு மென்படலத்தைக் கண்டுபிடித்தார். கோர்-டெக்ஸ் என்று பெயர் பெற்ற அதன் துளைகளில் நீர்த்துளி நுழையாது. வியர்வையின் ஆவி மட்டும் வெளியேறும். சப்பாத்தின் உள்ளே இதைக் காலுறைபோல் வைத்துத் தைக்கிறார்கள். பழைய சிக்கல் பெருமளவு தீர்ந்தது, முற்றிலும் தீரவில்லை. படலம் மெல்லியது. சேறும் மணலும் உள்ளே புகுந்து உரசினால் அது நைந்துவிடும். மேல்தோல் ஊறிவிட்டால் ஆவி வெளியேற வழியில்லை. சப்பாத்தின் விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறினால் எந்தச் சப்பாத்தும் காக்காது.

இந்த வரலாற்றிலிருந்து நமக்கு என்ன பயன்? இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலை வெட்டுகிறவரும், மருந்து அடிக்கிறவரும், பிள்ளைகளோடு குனோங் ஏறப் போகிற இளைஞரும் இவற்றை நினைவில் கொள்ளலாம். சப்பாத்தை மாலையில் வாங்குங்கள். நடந்து நடந்து கால் சற்றுப் பெருத்திருக்கும். எந்தக் காலுறையோடு அணிவீர்களோ, அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். நடக்கும்போது குதிகால் மேலே எழும்பக்கூடாது. சரிவில் இறங்கும்போது விரல் நுனி முன்னால் இடிக்கக்கூடாது. பெரும்பாலோருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரியது. பெரிய காலுக்கே அளவு பாருங்கள். நனைந்த சப்பாத்தைச் சேறு போகக் கழுவி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும்; ஒட்டுப் பசையும் விட்டுப்போகும்.

வேட்டைக்காரரின் 90 சோடியும், ரசிகா மலையில் மாண்ட ஆறு பேரும், வெறுங்காலோடு நிறைக்குள் நடந்த நம் முன்னோரும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறார்கள். காலைக் காப்பது ஆடம்பரம் அன்று. அது உழைக்கும் மனிதனின் உரிமை. புதுச் சப்பாத்து கேட்கும் பிள்ளையிடமும், பாதுகாப்புச் சப்பாத்து வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கும் தொழிலாளியிடமும், இது எதற்கு வீண் செலவு என்று யாரேனும் சொன்னால், இந்த வரலாற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.