ஐந்நூற்றொன்றாவது யூனிட்: வீட்டு மின்கட்டணத்தில் விலையும் மானியமும்

தமிழ்நாட்டில் இருமாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டின் கட்டணம் திடீரென ஏறுவதை, ஆடம்பர நுகர்வைத் தண்டிப்பதற்கென்று ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலை என்று கொள்ளும் வியாக்கியானம், இத்துறையில் எழுதிவந்தோரிடையே ஏறக்குறைய ஆட்சேபமின்றி நிலைபெற்றுவிட்டது. அதிலிருந்து இரண்டு முடிவுகள் கிளைத்தன. அந்த விலைக்கு அஞ்சிக் குடும்பங்கள் சிக்கனம் பழகும் என்பது ஒன்று. சேமிக்கப்படும் யூனிட் யார் வீட்டிலும் யூனிட்தானாகையால் எல்லாருக்கும் ஒரே உபதேசம் போதும் என்பது மற்றொன்று. 2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த கட்டண ஆணையில் தாழ்வழுத்தம் 1-ஏ என்னும் வீட்டு உபயோகப் பிரிவையும், அதன்மேல் அரசு வழங்கும் மானியத்தையும் அருகருகே வைத்து வாசிக்கிறவர்களுக்கு, மூல வியாக்கியானமே ஐயத்துக்கு உரியதாகத் தோன்றும். இரண்டாவது முடிவோ, பிழை என்றே எனக்குப் படுகிறது.

அந்த 2022-ஆம் ஆண்டு அட்டவணையை, 2024 ஜூலை உயர்வுக்கு முன்பு நுகர்வோர் செலுத்திய உருவில், முதலில் எடுத்துக்கொள்வோம்; தனியே குறிப்பிடாத கணக்குகள் எல்லாம் அதன்படியே. 500 யூனிட் வரை உபயோகிப்பவருக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டியவருக்கும் முதல் 100 இலவசமே. ஆனால் 101 முதல் 400 வரை முழுவதும் 4.50 ஆகிறது, பிறகு 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11. இக்கணக்கின்படி 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அட்டவணையில் 8 ரூபாய் என்று எழுதப்பட்டிருக்கும் ஐந்நூற்றொன்றாவது யூனிட்டுக்கு வீட்டுக்காரர் உண்மையில் கொடுப்பது 233 ரூபாய். இந்த 233-இல் 8 ரூபாய் போக எஞ்சும் 225 எங்கிருந்து வந்தது என்பதே முழு விவாதத்தின் கரு ஆகும்.

அது 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டுகளிலிருந்து வந்தது. அங்கே யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்த சலுகை, 500-ஐத் தாண்டிய மாத்திரத்தில் பின்னோக்கிச் சென்று பறிக்கப்படுகிறது. இனி ஆணையத்தின் விலையைப் பாருங்கள். ஆணையம் 2022-இல் நிர்ணயித்த விலையில் முதல் யூனிட்டிலிருந்து 400 வரை 4.50 என்ற ஒரே விகிதம்தான் உண்டு. இலவச நூறும் இல்லை, பாதி விலை நூறும் இல்லை. அந்த விலைத் தொடர் 500-இல் முறிவதே இல்லை. 6 ரூபாயிலிருந்து 8 ரூபாய்க்கு ஏறுகிறது, அவ்வளவுதான். முறிவு முழுவதும் மானியத்தில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, ஒரு வகுப்பாருக்கு மானியம் தர விரும்பும் மாநில அரசு அத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று விதிக்கிறது. விலை கூறுவது ஆணையத்தின் அதிகாரம், அதைக் குறைத்துக் கொடுப்பது அரசின் தானம் என்ற வேற்றுமை சட்டத்திலேயே இருக்க, இரண்டையும் ஒரே எழுத்தாக வாசித்ததிலிருந்துதான் தண்டனை விலை என்னும் கருத்து பிறந்தது என்று அனுமானிக்கிறேன்.

அந்தக் கருத்துக்கு எதிரான பிரமாணம் அட்டவணைக்குள்ளேயே கிடக்கிறது. 201 முதல் 500 யூனிட் வரை உபயோகிக்கும் எந்த வீடும் ஒரு கணக்குக்குப் பெறும் மானியம், ஆணைய விலைப்படி, 450-உம் 225-உம் சேர்ந்த 675 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 225 போகிறது, 450 நிற்கிறது. எல்லா அறைகளிலும் குளிர்சாதனம் ஓடி 3,000 யூனிட் எரிக்கும் மாளிகைக்கும் அந்த 450 ரூபாய் குறைவறக் கிடைத்தது. ஆடம்பரத்தைத் தண்டிப்பதே நோக்கமாயின், பெரிய சலுகையை மாளிகையிடம் விட்டுவைத்துச் சிறிய சலுகையை மட்டும், அதுவும் 501-ஐத் தொட்ட நடுத்தரக் குடும்பத்திடமும் மாளிகையிடமும் சமமாகப் பிடுங்குவானேன்? உயர்ந்த நுகர்வின்மேல் சுமை ஏற்றும் காரியத்தை 8 முதல் 11 ரூபாய் வரையிலான விலைகள் தாமே செய்கின்றன. 500-இல் உள்ள வெட்டு அந்தக் காரியத்துக்கு வேண்டியதும் இல்லை, அதற்கு உதவுவதும் இல்லை.

விலையானாலென்ன, மானியமானாலென்ன, பணப்பையில் நேரும் குறைவு ஒன்றுதானே என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வெவ்வேறு காலங்களில் அசைகின்றன என்பதை அண்மைக்கால வரலாறு பிரத்தியட்சமாகக் காட்டுகிறது. 2023-இல் ஆணையத்தின் விலை 2.18 சதவீதம் உயர்ந்தபோதும், 2025-இல் 3.16 சதவீதம் உயர்ந்தபோதும், வீட்டு நுகர்வோருக்குரிய உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் விலை நகர்ந்தும் பில் நகரவில்லை; 2024 ஜூலையில் 4.83 சதவீத உயர்வு வந்தபோது, அட்டவணையின் அமைப்பு மாறாமலே வீட்டுக்காரர் செலுத்தும் தொகையும் ஏறியது. விலையையும் மானியத்தையும் பிரித்துப் பாராதவருக்கு இம்மூன்று ஆண்டுகளின் போக்கு விளங்காத புதிராகவே இருக்கும்.

பழைய எழுத்துக்களின் இன்னொரு குறை, அவை எந்த அட்டவணையைக் கண்டு எழுதப்பட்டனவோ அது இப்போது இல்லை என்பதாகும். 2022-க்கு முன்னர், 201 முதல் 500 யூனிட் வரையிலான வீட்டுக்கு இரண்டாவது நூறு 2 ரூபாய் வீதமும், 201 முதல் 500 வரை 3 ரூபாய் வீதமும், நிலைக்கட்டணம் 30 ரூபாயுமாக 1,130 ரூபாய் ஆயிற்று; 500-ஐத் தாண்டினால் அதே படிகள் 3.50, 4.60 என மாறி, மேற்கொண்ட யூனிட்டுக்கு 6.60-உம் நிலைக்கட்டணம் 50-உம் சேர்ந்து, 501 யூனிட்டுக்கு 1,786.60 ஆயிற்று. ஒரு யூனிட்டில் 656.60 ரூபாய்! அக்காலத்தில் ரீடிங் எடுக்க வரும் நாளை நெருங்க நெருங்கக் குடும்பங்கள் மீட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. 2022 அட்டவணையில் அந்தக் குதிப்பு 233 ரூபாயாக, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக, ஒடுங்கிவிட்டது. 200-ஐத் தாண்டும்போது முன்பு இருந்த 63 ரூபாய்க் குதிப்போ அறவே மறைந்துவிட்டது. எனினும் பழைய அச்சம் எழுத்துக்களில் அப்படியே தொடர்கிறது.

இந்த ஒடுக்கம் எவ்வாறு நேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 500 யூனிட் வீட்டின் கட்டணம் 1,130-இலிருந்து 1,725-ஆக, 595 ரூபாய் கூடியது. 600 யூனிட் வீட்டினது 2,440-இலிருந்து 2,750-ஆக, 310 ரூபாய்தான் கூடியது. கோட்டுக்கு மேலிருந்தவர் சுமை இறங்கியதால் இடைவெளி குறையவில்லை. கீழிருந்தவர் சுமை அதைவிட விரைவாக ஏறியதால் குறைந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தை நடுத்தரக் குடும்பங்களுக்குச் செய்த சகாயம் என்று எழுதியவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவும் ஒப்புக்கொள்ளப்பட்டால், பொதுச் சிக்கன உபதேசம் தானே விழுந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 75 வாட் இழுக்கும் பழைய சீலிங் ஃபேன் ஒன்றைக் கழற்றிவிட்டு 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஏறக்குறைய 32 யூனிட் மிச்சம். 95 யூனிட் எரிக்கும் சிறு வீட்டுக்கு இதனால் கிடைக்கும் பணம் ஒரு காசுமில்லை. 300 யூனிட் வீட்டுக்கு 144 ரூபாய். 900 யூனிட் வீட்டுக்கு 320 ரூபாய். 520 யூனிட் வீடு, 488-க்கு இறங்கி, 2,110 ரூபாயிலிருந்து 1,653 ரூபாய்க்கு வந்து 457 ரூபாயை மிச்சம் பிடிக்கிறது! ஒரே ஃபேன், ஒரே காற்று; மாளிகைக்காரரைவிடக் கோட்டைச் சற்றே தாண்டியவருக்கு லாபம் அதிகம், ஏழைக்கோ சூனியம். 2020 முதல் நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிர்சாதனங்களின் இயல்பு வெப்பநிலை 24 டிகிரியாக நிர்ணயிக்கப்பட்டதன் பயனையும், எல்.இ.டி. விளக்கின் பயனையும் இவ்வாறே வீட்டுக்கு வீடு வேறாகக் கணக்கிட வேண்டும். மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்துச் சராசரி பார்ப்பது இங்கே வழிகெடுக்கும்: 300 யூனிட் வீட்டின் சராசரி 2.25 ரூபாய், ஆனால் அது குறைக்கும் யூனிட்டின் பெறுமானம் 4.50, சரியாக இருமடங்கு.

காலப் பகுப்பின் விளைவு இதைவிட நுட்பமானது. எழுதியோர் பெரும்பாலும் தொடாமல் விட்டதும் இதுவே. அடுத்தடுத்த இரு கணக்குகளில் 1,000 யூனிட் எரிக்கும் இரண்டு வீடுகளை எண்ணுவோம். ஒரு வீட்டுக்கு ரீடிங் எடுக்கும் மாதம், ஏப்ரலும் மே மாதமும் ஒரே கணக்கில் வருமாறு அமைந்து, 620-உம் 380-உம் ஆகிறது; மற்றதற்குக் கோடை இரண்டு கணக்குகளிலும் பகிர்ந்து 500-உம் 500-உம் ஆகிறது. முன்னது 2,930-உம் 1,035-உமாக 3,965 ரூபாய் கட்டுகிறது. பின்னது 3,450 ரூபாய் கட்டுகிறது. மின்சாரம் ஒன்று, வெயில் ஒன்று, வித்தியாசம் 515 ரூபாய். இதில் எந்தக் குடும்பத்தின் ஒழுக்கமும் சம்பந்தப்படவில்லை.

மாதந்தோறும் கணக்கெடுத்தால் இது தீரும் என்பது 2021-ஆம் ஆண்டுத் தேர்தல் வாக்குறுதிகளில் ஒன்றாக வந்ததிலிருந்து பலரும் ஏற்றுக்கொண்ட அபிப்பிராயம். எல்லைகள் மாறாமல், மாதத்துக்கே 100 இலவசம் என்றால் மிச்சம் வெளிப்படை. ஆனால் அது கணக்கு முறைத் திருத்தமன்று, மானியத்தை இரட்டிப்பாக்குவது. எல்லைகளும் பாதியாகக் குறைந்து, 50 இலவசம், 250-இல் வெட்டு என்றால் என்ன நேரும்? 250, 270 என இரு மாதங்களில் எரிக்கும் வீடு இருமாதக் கணக்கில் கட்டும் 2,110-க்குப் பதிலாக 1,997.50 கட்டும், லாபம். 200, 280 என எரிக்கும் வீடு இருமாதக் கணக்கில் 480 யூனிட்டுக்குக் கட்டும் 1,605-க்குப் பதிலாக 1,777.50 கட்டும், நஷ்டம். வெட்டு இருக்கும்வரை மாதக் கணக்கு சிலரைக் கோட்டுக்குக் கீழும் சிலரைக் கோட்டுக்கு மேலும் தள்ளுமேயன்றி, எல்லாருக்கும் நன்மை என்று முன்கூட்டிச் சொல்ல இடமில்லை.

ஒரே இணைப்பில் இரண்டு குடித்தனங்கள் இருந்து, வீட்டு உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலையாக வசூலிக்கும் வீடுகளில் மேற்சொன்ன கணக்கு எதுவும் குடியிருப்பவருக்கு எட்டாது என்பது உண்மை. அங்கே இரு குடும்பங்களின் யூனிட்டுகளும் சேர்ந்து கோட்டைத் தாண்டுகின்றன. சிக்கனம் செய்தவரும் செய்யாதவரும் ஒரே வீதம் கொடுக்கிறார்கள். அது தனி ஆராய்ச்சிக்கு உரிய விஷயம். இந்த அட்டவணையெல்லாம் மக்களுக்குப் புரியாது என்ற ஆட்சேபத்துக்கோ நீண்ட பதில் வேண்டியதில்லை: வெள்ளை அட்டையில் ரீடிங்கைக் கழித்துப் பார்த்துத் தொகை சரியா என்று ஈ.பி. ஆபீசில் கேட்கும் இல்லத்தரசிகளைக் காணாதவர்கள் மட்டுமே அதை எழுப்ப முடியும்.

வெட்டை நீக்கப் பெரும் பொருட்செலவு வேண்டுமென்ற எண்ணமும் ஆதாரமற்றது. 225 ரூபாயை 501-ஆவது யூனிட்டிலேயே மொத்தமாகத் திரும்பப் பெறாமல், 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 2.25 வீதம் 8 ரூபாயுடன் சேர்த்து 10.25 ரூபாயாகப் பெற்றால், 600 யூனிட் வீடு 2022 அட்டவணைப்படி கட்டும் அதே 2,750 ரூபாயைக் கட்டும். அதற்கு மேற்பட்ட எந்த வீட்டிலும் அரசுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. 501-க்கும் 599-க்கும் இடைப்பட்ட வீடுகளில் மட்டும், அதிகபட்சம் ஒரு கணக்குக்கு 222.75 ரூபாய் வரையில், அரசின் மானியம் கூடும். ஆணையத்தின் விலையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், மானிய ஆணை ஒன்றினாலேயே இதைச் செய்துவிட முடியும்.